லண்டன் வீட்டுக்கு இலவச வெளிச்சுவர் இன்சுலேஷன்: கையெழுத்துப் போடுமுன் சட்டப்படி என்னென்ன பார்க்க வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இது: ஈஸ்ட் ஹாமில் நூறு வயதைத் தாண்டிய தொடர்வீடு. அம்மா பென்ஷன் கிரெடிட் (குறைந்த வருமானமுள்ள முதியவர்களுக்கான அரசு உதவித்தொகை) பெறுகிறார். வாசலுக்கு வந்த ஒருவர், அரசுத் திட்டத்தில் வெளிச்சுவர் முழுவதற்கும் இலவசமாக இன்சுலேஷன் (வீட்டுச் சூடு வெளியேறாமல் காக்கும் பலகை) போட்டுத் தருகிறோம் என்று டேப்லெட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா, சட்டம் என்ன சொல்கிறது?

இன்றைக்குப் போடாதீர்கள். திட்டம் உண்மையானதுதான், அம்மாவுக்குத் தகுதியும் இருக்கக்கூடும். ஆனால் சுவரில் கை வைக்கும் முன் நடந்திருக்க வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அவை நடந்ததற்கான காகிதம் உங்கள் கைக்கு வரும்வரை காத்திருங்கள். நான் லண்டனில் இப்படிப்பட்ட வீடுகளை மதிப்பிடும் வேலை செய்பவன். நம் ஆட்கள் குடியிருக்கும் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, வெம்பிளி வீடுகளுக்குள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அவர் பேசுவது பெரும்பாலும் ஈக்கோ 4 திட்டமாக இருக்கும். 2013இல் தொடங்கிப் பல கட்டங்களாக நடந்து வந்த ஏற்பாட்டின் நான்காம் கட்டம் அது. 2022ஆம் ஆண்டு ஆணையின் கீழ் வந்தது. பெரிய மின்சார, எரிவாயு நிறுவனங்கள் இதற்குச் செலவிட வேண்டும் என்பது சட்டக் கடமை. அந்தச் செலவு நாம் எல்லோரும் கட்டும் பில்லில்தான் ஏறிவந்தது. ஆகவே உங்கள் அம்மாவுக்கு யாரும் தானம் செய்யவில்லை. இலவசமாகத் தருகிறார்களே, எப்படி எதிர்க்கேள்வி கேட்பது என்று நம் பெரியவர்கள் கூச்சப்படுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தாராளமாகக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். 2025 நவம்பர் பட்ஜெட்டில் இந்த ஏற்பாட்டை முடித்துக்கொள்வதாக அரசு அறிவித்ததால், "இப்போது விட்டால் கிடைக்காது" என்ற அவசரம் வாசல்களில் கூடியிருக்கிறது. அந்த அவசரம் விற்பவருடையது.

தகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பென்ஷன் கிரெடிட் கணக்கில் வரும். சொந்த வீடு என்றால் ஈபிசி சான்றிதழில், அதாவது வீட்டின் ஆற்றல் திறனை ஏ முதல் ஜி வரை தரம் பிரிக்கும் சான்றிதழில், டி முதல் ஜி வரை இருக்க வேண்டும். வேலை முடிந்தபின் எஃப், ஜி வீடுகள் குறைந்தது டி தரத்துக்கும், டி, இ வீடுகள் சி தரத்துக்கும் உயர வேண்டும். உங்கள் வீட்டின் ஈபிசியை அரசின் இணையதளத்தில் முகவரியைக் கொடுத்து இலவசமாகப் பார்க்கலாம்.

இனி முக்கியமான பகுதி. இந்தத் திட்டத்தில் வேலை செய்யும் நிறுவனம் ட்ரஸ்ட்மார்க் என்ற, அரசு ஏற்ற தரப் பதிவு அமைப்பில் பதிவு பெற்றிருக்க வேண்டும்; வேலை, வீடுகளின் ஆற்றல் மேம்பாட்டுக்கான பாஸ் 2035 என்ற தரவிதிப்படி நடக்க வேண்டும். பாஸ் 2035 நாடாளுமன்றம் இயற்றிய சட்டமல்ல. ஆனால் ஈக்கோ பணம் அதைக் கடைப்பிடித்த வேலைக்குத்தான் கிடைக்கும் என்பதால் நடைமுறையில் சட்டத்தின் பலம் அதற்கு வந்துவிடுகிறது. இந்த விதி ஏன் வந்தது என்று தெரிந்தால் அதன் அருமை புரியும். லங்காஷயரின் பிரஸ்டன் நகரில் ஃபிஷ்விக் என்ற பகுதியில், ஈக்கோவுக்கு முந்திய ஒரு திட்டத்தில் நூற்றுக்கணக்கான பழைய வீடுகளுக்கு வெளிச்சுவர் இன்சுலேஷன் ஒட்டினார்கள். மழைநீர் உள்ளே புகுந்து, சுவர் ஊறி, பூஞ்சணம் பிடித்து, குடியிருந்தவர்கள் பல ஆண்டு அவதிப்பட்டார்கள். இப்படிப்பட்ட கேடுகளுக்குப் பிறகு பீட்டர் பான்ஃபீல்ட் தலைமையில் நடந்த ஆய்வின் அறிக்கை 2016 டிசம்பரில் வெளியானது. அதன் தொடர்ச்சியாக 2019இல் பாஸ் 2035 வந்தது.

அது சொல்லும் ஒழுங்கு இது. முதலில் ஒரு மதிப்பீட்டாளர் வீட்டுக்குள் வந்து அறை அறையாகப் பார்க்க வேண்டும்: சுவர், கூரை, ஈரம், காற்றோட்டம், யார் யார் குடியிருக்கிறார்கள் என்பது வரைக்கும். பிறகு ஒரு வடிவமைப்பாளர் உங்கள் வீட்டுக்கென்றே வரைபடம் தயாரிக்க வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை ஓர் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பேற்று, எல்லாவற்றையும் ட்ரஸ்ட்மார்க் தரவுத்தளத்தில் பதிய வேண்டும். இவருடைய பெயரைக் கேளுங்கள். வாசலில் நிற்பவருக்கு அந்தப் பெயர் தெரியவில்லை என்றால் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

விதி இருந்தும் வேலை கெட்டுப்போகிறது என்பதுதான் வேதனை. 2025 ஜனவரியில் தரக்குறைவான சுவர் இன்சுலேஷன் காரணமாக 39 நிறுவனங்கள் இடைநிறுத்தப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, ஈக்கோ 4 உள்ளிட்ட இரு திட்டங்களில் வெளிச்சுவர் இன்சுலேஷன் செய்த வீடுகளில் 98 விழுக்காட்டில் திருத்தியாக வேண்டிய பெரிய குறைகள் இருப்பதாகச் சொன்னது. உட்சுவர் வேலையில் அது 29 விழுக்காடு. உங்களுக்குத் தர முன்வந்திருப்பது அந்த 98 விழுக்காட்டு வேலை. இதைப் படித்த பிறகும் நம் தாய் தகப்பன்மாரிடம் அவசரக் கையெழுத்து வாங்குகிறார்களே என்று எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

எங்கே கெடுகிறது என்று ஒரு வீட்டை வைத்துச் சொல்கிறேன். உங்கள் வீட்டைப் போன்றதே, மரத்தளம் போட்ட பழைய தொடர்வீடு. முன்சுவரின் அடியில், தரைக்குச் சற்று மேலே, ஓட்டைகள் உள்ள கற்கள் சில பதித்திருக்கும். மரத்தளத்துக்குக் கீழே காற்று போய்வர வைத்தவை அவை. வேலைக்கு வந்தவர்கள் இன்சுலேஷன் பலகையை அந்தக் கற்களின் மேலேயே ஒட்டிச் சாந்து பூசிவிட்டார்கள். பலகையைத் தரையோடு தரையாக இறக்கியதில், ஈரம் ஏறாமல் தடுக்கும் படைக்கும் மேலே மண்ணின் ஈரத்துக்கு வழி பிறந்துவிட்டது. பழைய யன்னல் அடிக்கட்டைக்கு வெளியே பலகை துருத்திக்கொண்டு நின்றதால் மழைநீர் பலகைக்குப் பின்னால் வடிந்தது. உள்ளே மூன்று தலைமுறை குடியிருக்கிறது. குசினியில் காலையும் மாலையும் அடுப்பு எரிகிறது, குளிர்காலத்தில் துணி ரேடியேட்டரில் காய்கிறது. குளியலறை விசிறி சுற்றியது, ஆனால் அதன் வாயில் பிடித்த டிஷ்யூத் தாள் கீழே விழுந்தது; காற்றை அது இழுக்கவே இல்லை. அலுமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்திருந்தது. "தம்பி, முந்தி குளிர் மட்டும்தான் இருந்தது" என்றார் அந்த வீட்டு அம்மா.

இதனால்தான் காற்றோட்டம் எங்கே என்று முதலில் கேட்கச் சொல்கிறேன். சுவரை இறுக்கினால் காற்றோட்டத்தையும் பார்க்க வேண்டும், குறைவாக இருந்தால் கூட்ட வேண்டும் என்பது பாஸ் 2035இல் கட்டாயம். இங்கிலாந்துக் கட்டட விதிகளின் எஃப் பிரிவு அளவும் சொல்கிறது: விட்டுவிட்டு ஓடும் விசிறி குளியலறையில் வினாடிக்கு 15 லிட்டர், குசினியில் அடுப்புக்கு மேலே என்றால் 30, வேறிடத்தில் என்றால் 60 லிட்டர் காற்றை வெளியேற்ற வேண்டும்; அறைக் கதவுகளின் அடியில் 10 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். விசிறி வேண்டாம், கரண்ட் இழுக்கும் என்று அம்மா மறுப்பார். தயவுசெய்து அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்தது அனுமதி. வெளிச்சுவர் இன்சுலேஷன் கட்டட விதிகளுக்கு உட்பட்ட வேலை. வேலை விதிப்படி நடந்தது என்று தானே சான்று தரும் பதிவை நிறுவனம் பெற்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கவுன்சிலின் பில்டிங் கன்ட்ரோல் (கட்டட விதிகளைக் கண்காணிக்கும்) பிரிவுக்கு அறிவித்திருக்க வேண்டும். விதி மீறினால் கவுன்சிலின் நோட்டீஸ் வீட்டு உரிமையாளரின் பெயருக்கே வரலாம் என்பதை மறக்காதீர்கள். வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் சொலிசிட்டர் கேட்பதும் இந்தச் சான்றைத்தான். பாதுகாக்கப்பட்ட பகுதியில் (கன்சர்வேஷன் ஏரியா) இருக்கும் வீட்டின் செங்கல் முகப்பை மூடக் கவுன்சிலின் பிளானிங் அனுமதி வேண்டும். மற்ற இடங்களிலும், செங்கல் மறைந்து தோற்றம் மாறும் என்பதால் கவுன்சிலிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பலகையும் சாந்தும் சேர்ந்து ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் தடிப்பு வரும். அது பக்கத்து வீட்டாரின் நிலத்துக்குள் நீட்டினால் அவருடைய ஒப்புதல் வேண்டும். லீஸ்ஹோல்ட் (நீண்ட காலக் குத்தகை) வீடு என்றால் நிலத்தின் உரிமையாளரான ஃப்ரீஹோல்டரின் சம்மதமும் வேண்டும்.

காப்புறுதியோடு கூடிய 25 ஆண்டு உத்தரவாதத்தை யார் தருகிறார்கள் என்று முன்கூட்டியே பெயரோடு கேளுங்கள். நிறுவனம் நாளை மூடிப்போனாலும் அது செல்லுபடியாக வேண்டும். "கொஞ்சம் நீங்களும் போட வேண்டும்" என்று பணம் கேட்டால், வீட்டில் வைத்துச் செய்த ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை 2013ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகளில் உண்டு. அந்த 14 நாளுக்குள் வேலையைத் தொடங்கச் சம்மதம் என்ற வரியில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம். இன்னொன்று: இதே ஆட்கள் கூரைக்கு ஸ்ப்ரே ஃபோம் அடிக்கலாம் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். அடித்த வீடுகளுக்குக் கடன் தரப் பல அடமான நிறுவனங்கள் தயங்குகின்றன.

கடைசியாக உங்கள் அண்ணா வாடகைக்கு விடும் வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே சட்டம் வேறு. 2020 ஏப்ரல் 1 முதல், விலக்குப் பதிவு செய்யாத வரை, எஃப் அல்லது ஜி ஈபிசி உள்ள வீட்டை அவர் வாடகைக்கு விடக்கூடாது. அந்தத் தரத்தை உயர்த்த, வரியோடு 3,500 பவுண்ட் வரை சொந்தப் பணத்தில் செலவிடச் சட்டம் கேட்கிறது. மீறினால் ஒரு வீட்டுக்கு 5,000 பவுண்ட் வரை அபராதம்.

அம்மாவின் வீட்டுக்குத் திரும்பினால், நீங்கள் செய்ய வேண்டியது அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல். மதிப்பீட்டு அறிக்கை, வடிவமைப்பு வரைபடம், காற்றோட்டத் திட்டம், ஒருங்கிணைப்பாளரின் பெயர், ட்ரஸ்ட்மார்க் எண், உத்தரவாதம் தருபவர் ஆகியவற்றைக் கேளுங்கள். எண் வந்ததும் ட்ரஸ்ட்மார்க் தளத்தில் நீங்களே சரிபாருங்கள். எல்லாம் சரியாக வந்தால் வேலை தொடங்கும் முன் சுவரின் அடிக்கற்கள், யன்னல் ஓரங்கள், தண்ணீர்க் குழாய்கள், அறை மூலைகள் அனைத்தையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பின்னால் முறையிட நேர்ந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில், அது கேட்காவிட்டால் ட்ரஸ்ட்மார்க்குக்கு. அந்தப் படங்கள் அப்போது தேவைப்படும்.