டிஜே நைட்டில் ரெய்டு வந்தால் என் மேல் கேஸ் விழுமா?

கேள்வி: வயது 22. திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனியில் வேலை. சனிக்கிழமை ராத்திரி தோழிகளோடு கோவை அவிநாசி ரோட்டில் ஒரு ஓட்டலுக்கு டிஜே பார்ட்டிக்குப் போகிறோம். நான் குடிப்பதில்லை, ஆடத்தான் ஆசை. போலீஸ் வந்தால் என் மேலும் வழக்கு வருமா? ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவார்களா?

வழக்கறிஞர் பதில்: ஆடினதற்கெல்லாம் கேஸ் இல்லைங்க அம்மிணி. நேரம் தாண்டி பாரை நடத்தினாலோ, 21 வயது ஆகாதவருக்கு ஊற்றிக் கொடுத்தாலோ முதலில் மாட்டுவது லைசென்ஸ்காரர். நீங்கள் ஆதாரைக் கையில் வைத்திருங்கள், போதும்.

பயப்பட வேண்டியது கெஸ்ட் லிஸ்ட் புரோக்கருக்கு. இன்ஸ்டாகிராமில் 'லேடீஸ் ஃப்ரீ' என்று போடுவான். டேபிள் அட்வான்ஸ் என்று சொந்த ஜிபே நம்பருக்கு வாங்கிக்கொள்வான். வாசலில் உங்கள் பெயர் இருக்காது. ஓட்டலில் கேட்டால், "அந்த ஆள் யாருன்னே தெரியாதுங்க" என்பார்கள். இதைவிட மோசம், கடைசி நேரத்தில் "இடம் மாத்தியாச்சு" என்று ஆனைகட்டிப் பக்கம் ஏதோ பண்ணை வீட்டு லொகேஷனை அனுப்புவது. போகவே போகாதீர்கள். அங்கே லைசென்ஸும் இருக்காது, யார் பையில் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. போதைப்பொருள் சட்டப்படி புகைத்தாலே குற்றம்: கஞ்சா என்றால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

அடுத்து ஸ்டேஷன். பெண்களைப் பொதுவாக ராத்திரியில் கைது செய்யக் கூடாது. சாட்சியாக விசாரிப்பதென்றாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் வர வேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 179ஆம் பிரிவு. ஆனால் அதிலேயே ஒரு சந்து வைத்திருக்கிறார்கள்: அந்தப் பெண்ணே விருப்பப்பட்டால் ஸ்டேஷனுக்கு வரலாம். "சும்மா ஒரு கையெழுத்துதானம்மா" என்று நீட்டுகிற தாளில் 'நானே விருப்பப்பட்டு வந்தேன்' என்று இருக்கும். பதற்றத்தில் யார் படிக்கிறார்கள்? போட்டுவிட்டால் அப்புறம் அந்தப் பிரிவை நான் எந்தக் கோர்ட்டில் காட்டுவது? ராத்திரி ஒரு மணிக்கு ஸ்டேஷன் வாசலில் நின்று பார்த்தவர் எவரும் சட்டத்தில் அந்த ஒரு வரியை எழுதியிருக்க மாட்டார். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். விருப்பமில்லை என்றால் இல்லை என்றே சொல்லுங்கள்.

அதே வாசலில் "வீட்டுக்குத் தெரியாம முடிச்சுத் தர்றேன்" என்று ஒருத்தன் வருவான். காசு கொடுக்காதீர்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான 15100 என்ற நம்பரை இப்போதே போனில் ஏற்றி வையுங்கள்.