அழுகை வந்தால் கை எங்கே இருக்க வேண்டும்?

மசாஜ் தொழில் பழகிவரும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வேலையின் நடுவில் சிலர் அழுதுவிடுகிறார்கள். ஒருவர் மூச்சு முட்டுகிறது என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். மனநல முதலுதவி நமக்கும் தெரிந்திருக்க வேண்டுமா? அது மருத்துவர் வேலை அல்லவா?"

தெரிந்திருக்க வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் மாதமே தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அது தெரிய ஒன்பது ஆண்டுகள் ஆயின என்பதில் இன்றும் வருத்தம் உண்டு.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில், அரசலாற்றங்கரை ஊர் ஒன்றில் பெண்களுக்கு மசாஜ் செய்கிறேன். என் அம்மா பிள்ளை பெற்ற பெண்களுக்கு எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டியவர். கைப்பழக்கம் அவரிடமிருந்து வந்தது. சித்த மருத்துவத்தின் மசாஜ் முறையான தொக்கணத்தை ஒரு சித்த மருத்துவரிடம் முறைப்படி கற்றேன். ஆண்களுக்கு என் தம்பி செய்கிறான், அவனுக்குத் தனி அறை.

நம் பக்கத்தில் யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது", "பிடரியில் பாறாங்கல்லை வைத்தது போல இருக்கிறது", "கை கால் ஓய்ந்துபோகிறது", "நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, இசிஜி எடுத்தால் ஒன்றுமில்லை என்கிறார்கள்" என்றுதான் வருவார்கள். வலி மாத்திரை கேட்கவில்லை என்றால், எண்ணெய் போட்டு உருவிப் பார்க்கலாம் என்று நம்மிடம் வருவார்கள். மனநல மருத்துவரின் வாசலை மிதிப்பதற்குப் பல மாதங்கள் முன்பே நம் வாசலை மிதித்துவிடுகிறார்கள். கதவைச் சாத்திய ஓர் அறை, ஒரு மணி நேரம், "அம்மா" என்று கூப்பிட யாருமில்லாத அமைதி: பல பெண்களுக்கு வாரம் முழுவதும் அப்படி ஓர் இடம் வேறெங்கும் கிடைப்பதில்லை. அங்கே அழுகை வருவதில் வியப்பென்ன?

தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் எனத் தொக்கணத்தில் ஒன்பது வகை உண்டு. கையை நிறுத்துவதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தொழிலின் தொடக்க ஆண்டுகளில் ஒரு பெண் வந்தார், நாற்பது வயதிருக்கும். குப்புறப் படுத்திருந்தவரின் கழுத்தடியில் கை வைத்ததும் உடம்பு கட்டையாகிவிட்டது. தசை இறுகியிருக்கிறது என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று புரிந்த பிறகும் கையை எடுக்காமல், "அழாதீர்கள் அம்மா, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லிக்கொண்டே நீவினேன். அவர் எழுந்து, புடவையைச் சுற்றிக்கொண்டு, பணத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். திரும்ப வரவேயில்லை. அவருக்கு என்ன நடந்திருந்தது என்று எனக்குத் தெரியாது. உடம்பு "வேண்டாம்" என்று சொன்னதை என் கை கேட்கவில்லை, அது மட்டும் தெரியும். பயத்தில் சிலர் கத்துவார்கள், சிலர் உதறுவார்கள், சிலர் அப்படியே உறைந்துபோவார்கள். உறைந்துபோன உடம்பும் இறுகிய தசையும் விரலுக்கு ஒன்று போலவே தெரியும். பார்க்க வேண்டியது மூச்சை. மூச்சு நின்று நின்று வந்தால் அது தசைப்பிடிப்பு அல்ல.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, ஒரு தொண்டு நிறுவனம் தஞ்சாவூரில் நடத்திய இரண்டு நாள் பயிற்சிக்குப் போனேன். மனநல முதலுதவி என்ற பயிற்சியை 2000-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் தொடங்கியவர்கள் பெட்டி கிச்சனர் என்ற செவிலியரும் அவருடைய கணவரான ஆய்வாளர் ஆன்டனி ஜோர்மும். கால் முறிந்தவருக்குக் கட்டுப் போடத் தெரிந்த அக்கம்பக்கத்தாருக்கு, மனம் முறிந்தவரிடம் என்ன பேசுவது என்றும் தெரிய வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்று பார், குற்றம் காணாமல் கேள், தைரியமும் சரியான தகவலும் கொடு, தகுந்த மருத்துவ உதவிக்கு வழி காட்டு, வீட்டாரும் நட்பும் துணை நிற்கச் செய். இவ்வளவுதான். இதில் நோய்க்குப் பெயர் வைப்பது இல்லை, "ஏன் இப்படி ஆனது" என்று தோண்டுவது இல்லை. அது மருத்துவர் வேலை, அதில் நீங்கள் சொல்வது சரி.

இப்போது ஒருவர் அழுதால் என் கை எப்படி நடந்துகொள்கிறது என்று சொல்கிறேன். தேய்ப்பது நிற்கும். சட்டென்று பிடுங்கிக்கொள்ளமாட்டேன், நாம் அருவருத்து விலகியதாக அவர் நினைத்துவிடுவார். இருந்த இடத்திலேயே அசையாமல் ஒரு மூச்சு நேரம் வைத்திருந்து, "கையை எடுத்துவிடட்டுமா, இப்படியே இருக்கட்டுமா?" என்று கேட்பேன். பதில் இல்லையென்றால் எடுத்துவிடுவேன். துண்டை இழுத்து முதுகை மூடுவேன். உடுப்பில்லாமல் கிடப்பவர் அழும்போது, மூடுவதுதான் முதல் ஆறுதல். பிறகு முக்காலியை அவர் தலைமாட்டில் போடாமல், அவர் கண்ணில் படும் இடத்தில் போட்டு உட்காருவேன். தண்ணீர் வைப்பேன். பேச்சை நான் தொடங்குவதில்லை. "நான் இங்கேதான் இருக்கிறேன், அவசரமில்லை" என்பதற்கு மேல் எதுவும் தேவைப்படுவதில்லை. பலர் ஐந்து நிமிடம் அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காலை மட்டும் பிடித்துவிடு அக்கா" என்பார்கள். பிடித்துவிடுவேன். எல்லா அழுகையும் நோயல்ல.

உங்களிடம் மூச்சு முட்டுகிறது என்று எழுந்தவருக்கு வந்தது பீதித் தாக்குதலாக இருக்கலாம். குப்புறப் படுத்து, முகத்தை மேசையின் ஓட்டைக்குள் வைத்திருக்கும்போது சிலருக்கு அது வரும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், விரல் நுனி மரத்துப்போகும், செத்துவிடுவோம் என்றே தோன்றும். பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய் மெல்ல இறங்கும். எழுப்பி உட்கார வைத்து, பாதத்தைத் தரையில் ஊன்றச் சொல்லுங்கள். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கும்படி நீங்களும் கூடவே விடுங்கள். அறையில் தெரியும் ஐந்து பொருளைச் சொல்லச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் மூச்சு விடச் சொல்வது ஆபத்து, செய்யாதீர்கள். நெஞ்சில் அழுத்தும் வலி, தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை இருந்தால், அல்லது அவருக்கு இப்படி வருவது இதுவே முதல் தடவை என்றால், பீதியா இதயமா என்று நாம் தீர்ப்புச் சொல்லக்கூடாது. 108-ஐ அழையுங்கள்.

பிள்ளை பெற்ற வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், டெல்டாவில் நம் தொழிலில் பாதி அங்கேதான். பிரசவம் ஆன மூன்றாம் நான்காம் நாள் அழுகை வருவது பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு, இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். அடங்காவிட்டால் காத்திருக்கக்கூடாது. பாபநாசம் பக்கத்தில் ஒரு வீட்டுக்குத் தினமும் போய்க்கொண்டிருந்தேன். இருபத்து மூன்று வயதுப் பெண், தாய்வீட்டில் இருந்தாள். ஒரு மாதம் ஆகியும் எண்ணெய் தேய்க்கும்போது சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். குழந்தை அழுதால் திரும்பமாட்டாள். ஒரு நாள், "இந்தக் குழந்தைக்கு வேறு அம்மா கிடைத்திருக்கலாம் அக்கா" என்றாள். வெளியே அவளுடைய அம்மா, "பச்சை உடம்பு, காற்றுப் பட்டிருக்கும், மந்திரித்துத் தாயத்துக் கட்ட வேண்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணிடம், "நீ சொன்னதை அம்மாவிடம் நானே சொல்லட்டுமா?" என்று கேட்டேன். தலையசைத்தாள். அம்மாவிடம், "ஜன்னி எப்படிப் பிரசவத்தோடு வருமோ அப்படி இதுவும் வரும், இதற்கும் மருந்து இருக்கிறது, இவள் பொல்லாதவள் ஆகிவிடவில்லை" என்றேன். மறுநாள் கிராம சுகாதாரச் செவிலியரை வரவழைத்தோம். ஆரம்ப சுகாதார நிலையம் வழியாக மருத்துவரிடம் போனார்கள். தாயத்தும் கட்டினார்கள், நான் தடுக்கவில்லை. குணசீலம் கோயிலில் 48 நாள் தங்கவைக்க வேண்டும் என்று சொல்லும் குடும்பங்களிடமும் நான் வாதாடுவதில்லை. போகட்டும், மாத்திரையும் கூடவே போகட்டும். ஆனால் தாய் இரவு பகல் தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசினால், யாரோ குரல் கொடுப்பதாகச் சொன்னால், குழந்தையைப் பற்றி விபரீதமாக எதையாவது நம்பினால், அன்றைக்கே மருத்துவமனை. தாயையும் குழந்தையையும் தனியே விடக்கூடாது.

அடுத்து, எல்லோரும் கேட்கப் பயப்படும் கேள்வி.

ஒரு ஜனவரி மாதம், அறுவடை நேரத்தில் மழை கொட்டி, சம்பாப் பயிர் சாய்ந்து கிடந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நெல் திரும்பிக்கொண்டிருந்த நேரம். இடுப்பு வலிக்காகத் தம்பியிடம் வழக்கமாக வரும் ஒருவர், அன்று பழைய பாக்கி முந்நூறு ரூபாயைத் தானாகக் கொடுத்தார். பசுமாட்டை அண்ணன் வீட்டில் கட்டிவிட்டதாகச் சொன்னார். "இனி உனக்குத் தொல்லை தரமாட்டேன் தம்பி" என்றார். பயிற்சியில் கேட்டதை நான் வீட்டில் சொல்லியிருந்தது நல்லதாகப் போயிற்று. தம்பி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, செத்துப்போய்விடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்டான். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு "ஆமாம்" என்றார்.

அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்று பயப்படாதீர்கள். கிளப்பிவிடாது. யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் பலர் காத்திருக்கிறார்கள். "தப்பாக எதையாவது செய்துவிடமாட்டீர்களே?" என்று சுற்றி வளைத்துக் கேட்டால் "சேச்சே" என்ற பதில்தான் வரும். நேராகக் கேட்க வேண்டும். எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா, அதற்கானது வீட்டில் இருக்கிறதா என்று அடுத்துக் கேட்க வேண்டும். தம்பி அதையும் கேட்டபோது, இருக்கிறது என்றார் அவர். தம்பி அவரைத் தனியே விடவில்லை. அவர் சம்மதத்தோடு மைத்துனரை வரவழைத்து, வீட்டிலிருந்த பூச்சிமருந்தை அன்றிரவே வெளியேற்றச் சொன்னான். சாக வேண்டும் என்ற அந்த வேகம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணியக்கூடியது, அந்த நேரத்தில் மருந்து கைக்கெட்டாமல் இருப்பதே பாதி உயிர். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டி வைக்கும் முறையை, சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரின் குழுவினர் முன்பே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் அது வர வேண்டும் என்பது என் ஆசை.

அன்றிரவு அவர்கள் 14416-ஐ அழைத்தார்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் அது. 2022 அக்டோபர் 10 முதல் நடக்கிறது, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. காலையில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனார்கள். மைத்துனர் முதலில் தயங்கினார், "போலீஸ் கேஸ் ஆகிவிடுமே" என்றார். எண்ணம் இருப்பதாகச் சொல்வது எந்தக் காலத்திலும் குற்றமல்ல. முயற்சி செய்து பிழைத்தவரைக்கூடத் தண்டிக்கக்கூடாது, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. இதை வீட்டாரிடம் சொல்லத் தெரிந்திருப்பதும் முதலுதவிதான். அவர் இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், வயலுக்குப் போகிறார். கடன் அப்படியேதான் இருக்கிறது.

பிறர் சொன்னதை வெளியில் சொல்லாதீர்கள். நம் ஊர்களில் ஒரு டீக்கடை போதும், குடும்ப மானமே போய்விடும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அந்த வாக்கை மீறலாம், மீறப்போகிறேன் என்று அவரிடமே சொல்லிவிட்டு மீற வேண்டும். முதுகிலோ தொடையிலோ அடிபட்ட தடம் தெரிந்தால், "யார் அடித்தது?" என்று கேட்டுவிடாதீர்கள். "இந்த இடத்தில் எண்ணெய் பட்டால் எரியுமா?" என்று கேளுங்கள், மீதியை அவரே சொல்வார். சொல்லாவிட்டாலும் பெண்களுக்கான 181 என்ற எண் உங்கள் சுவரில், படுத்திருப்பவர் கண்ணில் படும்படி இருக்கட்டும். 14416-ஐயும் அதன் கீழே எழுதி வையுங்கள்.

இவ்வளவும் நடக்காமலேயே தடுக்க, தொடங்கும் முன் நான் மூன்று விஷயம் கேட்கிறேன்: எங்கே கை வைக்கக்கூடாது, கதவைத் தாழிடலாமா, எந்த வாசனை ஆகாது. வேண்டாம் என்று தோன்றினால் பேசக்கூட வேண்டாம், மேசையை இரண்டு தட்டுத் தட்டினால் போதும் என்று சொல்லிவிடுகிறேன்.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன், இதை எல்லோரும் பிறகு தனியாகக் கேட்கிறார்கள்: பாதியில் நின்றுபோன மசாஜுக்குப் பணம் வாங்கலாமா? முன்பு நான் வாங்கமாட்டேன். அதனாலேயே சிலர் கூச்சப்பட்டு வராமல் நின்றுவிட்டார்கள் என்று பிறகு புரிந்தது. இப்போது முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, "மீதி அரை மணி உங்கள் கணக்கில் இருக்கிறது, வியாழக்கிழமை வாருங்கள்" என்கிறேன். வியாழக்கிழமை வரவில்லை என்றால், மீதியைச் சாக்காக வைத்து நானே போன் செய்துவிடுவேன்.