அப்பாவுக்கு ஃபோன் பண்ணு, அப்புறம் அடுப்பைத் தேய்

கேள்வி: அக்கா, எனக்கு ஊரு கோயம்புத்தூர் கணபதி. எம்.இ. கடைசி வருஷம். பிப்ரவரில இருந்து ஜெர்மனில ஸ்டுட்கார்ட்ல ஒரு கம்பெனில இன்டர்ன், இந்த செப்டம்பரோட 8 மாசம் முடியுது. மூணு வாரத்துல கிளம்பணும். கூட இருந்த ரெண்டு பேருக்கு அங்கயே தீசிஸ் பண்ண சான்ஸ் கிடைச்சிருச்சு, எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. அப்பா லேத் பட்டறை வெச்சிருக்கார், பொண்ணு அங்கயே செட்டில் ஆயிடுவான்னு பட்டறைல வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்லி வெச்சிருக்கார். ராத்திரி தூக்கம் வரல, ஆபீஸ்ல வேலை ஓடல, ரூமை காலி பண்ணணும்னு நெனச்சாலே அழுகை வருது. நான் தோத்துட்டுத்தான் திரும்பி வர்றேனா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஸ்டுட்கார்ட்

பதில்: இல்ல கண்ணு, தோக்கல. ஆனா இப்படியே இந்த மூணு வாரத்தையும் அழுதே கழிச்சேன்னா நெஜமாவே சிலது தோத்துருவ, டெபாசிட், சர்டிபிகேட், அப்புறம் அங்க உன்னை மதிக்கிற நாலு பேரு, அதனாலதான் உன் லெட்டரை கட்டுல மேல எடுத்து வெச்சு முதல்ல பதில் எழுதறேன். நானும் 2012ல அதே ஊருக்குப் பக்கத்துல எஸ்லிங்கன்ல ஆறு மாசம் இன்டர்னா இருந்தவதான், கிளம்பறப்ப பண்ணக்கூடாததை எல்லாம் வரிசையா பண்ணிட்டு வந்தவ.

முதல்ல அப்பா விஷயம். உன் லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன், அதுல அப்பா உன்னைத் திட்டினதா ஒரு வரி கூட இல்ல. அவர் பெருமையா நாலு பேர்கிட்ட சொன்னார், அவ்ளோதான், மீதி எல்லாம் நீயா உன் தலைக்குள்ள ஓட்டற படம். லேத் பட்டறை வெச்சிருக்கிற மனுஷனுக்கு ஒரு ஆர்டர் வர்றதும் ஒரு ஆர்டர் கைவிட்டுப் போறதும் நம்மள விட நல்லாத் தெரியும். ஏர்போர்ட்ல மூஞ்சியைப் பாத்து தெரிஞ்சுக்கட்டும்னு மட்டும் விட்டுறாத, அது ரொம்ப மோசம், சொந்தக்காரங்க ரெண்டு பேரைக் கூட்டிட்டு மாலையோட நிப்பார். இந்த வாரமே ஒரு ஞாயித்துக்கிழமை, பட்டறை லீவா இருக்கிற நேரம் பாத்து ஃபோன் பண்ணு, அம்மா மூலமா சொல்லி அனுப்பாம நேரா அவர்கிட்டயே பேசு. "ப்பா, இன்டர்ன்ஷிப் முடிஞ்சு 30ஆம் தேதி வர்றேன், அங்க இப்ப வேலை இல்ல, படிப்பை முடிச்சுட்டு என்ன பண்றதுன்னு வந்து பேசலாம்." இவ்ளோ போதும், சாரி எல்லாம் கேக்காத. ஒரு அஞ்சு செகண்ட் சத்தமே வராது, அப்புறம் "எத்தன மணிக்கு ஃப்ளைட்டு"ன்னு கேப்பார் பாரு.

அடுத்து ஆபீஸ். "யாரும் ஒண்ணும் சொல்லல"ன்னு எழுதிருக்க. நீ கேட்டியா? அந்த ரெண்டு பேரும் கேட்டிருப்பாங்க, பந்தயமே கட்டறேன். நம்ம ஊர்ல நல்லா வேலை செஞ்சா பெரியவங்க பாத்து செய்வாங்கன்னு வாயைத் தொறக்காம நிக்கறதை மரியாதைன்னு சொல்லிக் குடுத்துட்டாங்க, அங்க அது இவளுக்கு இதுல ஆர்வம் இல்ல போலன்னுதான் படும். மேனேஜர் காலண்டர்ல அரைமணி நேரம் போடு. என்ன நல்லா பண்ணேன், எதுல இன்னும் தேறணும்னு கேளு, அப்புறம் நேராவே கேளு, பின்னாடி தீசிஸுக்கோ வேற வேலைக்கோ இடம் வந்தா என்னை யோசிப்பீங்களான்னு. இல்லன்னு சொன்னா இல்லன்னே சொல்லுவாங்க, மழுப்ப மாட்டாங்க, அதுவும் ஒரு வசதிதான்.

அதே அரைமணில ட்ஸொய்க்னிஸ் கேளு, கம்பெனி எழுதித் தர்ற வேலைச் சான்று அது. இதை மட்டும் மறந்துறாத, கொஞ்சம் விரிவாவே சொல்றேன் ஏன்னா நம்ம பிள்ளைங்க இதுலதான் ஏமாறுது. நம்ம ஊரு இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் மாதிரி இன்னார் இத்தனாம் தேதில இருந்து இத்தனாம் தேதி வரைக்கும் இருந்தார்னு ஒரு பேப்பர் வாங்கிட்டு சந்தோஷமா வந்துருவாங்க. அங்க அதுக்குப் பேரு சாதா ட்ஸொய்க்னிஸ், நீ கேக்க வேண்டியது குவாலிஃபிசியர்ட் ட்ஸொய்க்னிஸ், நீ என்ன வேலை செஞ்ச, எப்படி செஞ்ச, கூட இருந்தவங்களோட எப்படி இருந்தன்னு எழுதினது. இன்டர்னும் அதைக் கேக்கலாம். ஆனா அது ஒரு தனி பாஷை. கெட்டதா எதுவும் எழுதக்கூடாதுங்கறதால எல்லாமே பாராட்டு மாதிரிதான் இருக்கும், மார்க்கு ஒளிஞ்சிருக்கும். "ஷ்டேட்ஸ் ட்ஸு உன்ஸெரர் ஃபோல்ஸ்டன் ட்ஸுஃப்ரீடன்ஹைட்"னு இருந்தா, அதாவது எப்பவும் எங்களுக்கு முழுமையிலும் முழுமையான திருப்தி, அது முதல் கிரேடு. ஃபோல்ஸ்டன் போயி ஃபோலன்னு வந்தா ரெண்டாவது. முன்னாடி இருக்கிற அந்த ஷ்டேட்ஸும் காணாமப் போச்சுன்னா மூணாவது. வெறும் திருப்தின்னு மொட்டையா நின்னா நாலு, பார்டர் பாஸ். "ரொம்ப முயற்சி எடுத்துக்கிட்டார்"னு எழுதிருந்தாங்கன்னா நம்ம மாப்பிள்ளை வீட்ல "பையன் ரொம்ப சாதுங்க"ன்னு சொல்ற மாதிரி, புரிஞ்சவனுக்குப் புரியும். கடைசி வரியையும் பாரு, போறது எங்களுக்கு வருத்தம், செஞ்ச வேலைக்கு நன்றி, இனிமே எல்லாம் நல்லா அமையட்டும்னு மூணும் இருந்தா மனசார எழுதினதுன்னு அர்த்தம்.

எனக்குக் கிடைச்சதுல ஷ்டேட்ஸ் இல்ல. அது தெரியாம நாலு வருஷம் ஃபைல்ல முதல் பக்கமா வெச்சு பெருமையா நீட்டிட்டு இருந்தேன், ஒரு இன்டர்வியூல ஜெர்மன் தெரிஞ்ச ஒருத்தர் படிச்சுட்டு லேசா சிரிச்சார் பாரு, அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அதனால இப்பவே கேளு, கிளம்பற அன்னைக்குக் கேட்டா ஹெச்.ஆர்.ல மாசக்கணக்கா இழுக்கும். நிறைய மேனேஜருங்க நீயே டிராஃப்ட் எழுதிக் குடுன்னு சொல்லிருவாங்க, அது உனக்கு நல்லதுதான், செஞ்சதை எல்லாம் எழுது, டெஸ்ட் பெஞ்ச்சுக்கு ஸ்கிரிப்ட் போட்டிருந்தா அது எவ்ளோ நேரத்தை மிச்சப்படுத்துச்சுன்னு எழுது, வெக்கப்படாத. கையோட இங்கிலீஷ்லயும் ஒண்ணு கேட்டு வாங்கிக்க.

உன் வேலையை எல்லாம் டீமோட டிரைவ்ல போட்டு, எது எங்க இருக்குன்னு ஒரு ரெண்டு பக்கம் எழுதி வெச்சுரு. கம்பெனி ஃபைல் ஒண்ணைக்கூட பென்டிரைவ்ல ஏத்திட்டு வராத, காலேஜ் ரிப்போர்ட்டுக்கு வேணும்னா எதை எழுதலாம்னு கேட்டு மெயில்ல ஓகே வாங்கிக்க.

அப்புறம் அங்க ஒரு வழக்கம் இருக்கு, யாரும் உன்கிட்ட சொல்ல மாட்டாங்க, அவுஸ்ஷ்டாண்ட். நம்ம ஊர்ல போறவங்களுக்கு இருக்கிறவங்க காசு போட்டு கேக்கு வெட்டி சமோசா குடுப்போம்ல, அங்க உல்டா, போறவங்கதான் வாங்கி வெக்கணும். நான் இது தெரியாம கடைசி நாள் எனக்கு ஏதோ பண்ணப் போறாங்கன்னு புதுச் சுடிதார் எல்லாம் போட்டுட்டுப் போயி உக்காந்திருந்தேன், மூணு மணி வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கல, பக்கத்து சீட்டு அம்மாதான் மெதுவா வந்து கேக்கு கொண்டு வந்திருக்கியான்னு கேட்டாங்க. ஓடிப்போயி கீழ பேக்கரில வெண்ணெய் தடவின பிரெட்ஸல் இருபது வாங்கிட்டு வந்தேன். நீ பிரெட்ஸலோட வீட்ல ஒரு ரவா கேசரியும் கிண்டிட்டுப் போ. ஆனா முந்திரிப் பருப்பு இருக்குன்னு ஒரு சீட்டு எழுதி பக்கத்துல வெச்சுரு, அலர்ஜி இருக்கிறவங்க இருப்பாங்க. ஆரஞ்சு கலர் போடாத, இது எதுக்குன்னு கேட்டா நம்மகிட்ட பதில் இல்ல.

சரி, இப்ப ரூமு. அழுகை வர்ற இடம் இதுதான்னு எழுதிருக்க, ஆனா காசு கரையற இடமும் இதுதான். அட்வான்ஸா எத்தனை மாசம் குடுத்தன்னு நீ எழுதல, அதிகபட்சம் மூணு மாச வாடகை வரைக்கும் வாங்கலாம்ங்கறது அங்க சட்டம், எவ்ளோவா இருந்தாலும் உனக்கு அது பெரிய காசு. சாவி குடுக்கிற அன்னைக்கு வீட்டுக்காரரோட ரூம் ரூமா நடந்து ஒரு பேப்பர்ல எது எப்படி இருக்குன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க, உபர்காபே புரோட்டோகோல்னு சொல்லுவாங்க, அது இல்லாம சாவியைக் குடுக்காத. நீ வந்தப்ப ஒண்ணு எழுதிருப்பீங்க, அதையும் கைல வெச்சுக்க. முந்தின நாள் பகல் வெளிச்சத்துல வீடியோ எடுத்து வெய்யி. அடுப்புக்குப் பின்னாடி செவுரு, ஓவனுக்கு உள்பக்கம், பாத்ரூம் டைல்ஸ்ல உப்புத்தண்ணி படிஞ்ச வெள்ளை, ஜன்னல் ஓரத்துல ரப்பர்ல கறுப்பா பூஞ்சை, இந்த நாலும்தான் அவங்க குனிஞ்சு பாக்கிற இடம். தாளிச்ச எண்ணெய் எட்டு மாசமா மஞ்சளா புகைபோக்கி மேல ஒட்டிருக்கும், சூடு தண்ணில பாத்திர சோப்பும் சோடா உப்பும் போட்டு அரைமணி ஊற வெச்சு தேய், ஒரே இழுப்புல வராது.

பேங்க் அக்கவுன்ட்டை மூடாத. பெரிய எழுத்துல எழுதணும்னு தோணுது. நான் எல்லாத்தையும் சுத்தமா முடிச்சுட்டுப் போறேன்னு ஏர்போர்ட் போற முந்தின நாள் பேங்க்கை மூடிட்டேன், டெபாசிட் வந்தது மூணு மாசம் கழிச்சு, போன காசு திரும்பிருச்சு, அப்புறம் இந்தியா அக்கவுன்ட்டுக்கு அனுப்ப மாட்டேன்னு வீட்டுக்காரர் மல்லுக்கு நின்னு ஆறு மாசம் மெயில் யுத்தம். தண்ணி, ஹீட்டர் கணக்கு வருஷம் முடிஞ்சப்புறம்தான் போடுவாங்க, அதனால டெபாசிட்ல கொஞ்சம் பிடிச்சு வெச்சுக்கிறது அங்க சகஜம், வீட்டுக்காரர் ஏமாத்தறார்னு நெனச்சுக்காத. சம்பளச் சீட்டுல லோன்ஸ்டாயர்னு, அதாவது சம்பளத்துல பிடிக்கிற டாக்ஸ், ஒரு வரி இருக்கும் பாரு, சைபர்னா விட்டுரு, பிடிச்சிருந்தாங்கன்னா நாலு வருஷத்துக்குள்ள ரிட்டர்ன் போட்டு திரும்பக் கேக்கலாம், அந்தக் காசு வந்து விழவும் அக்கவுன்ட் வேணும்.

வந்தப்ப ஆபீஸ்ல போயி உன் அட்ரஸைப் பதிவு பண்ணி அன்மெல்டுங் பண்ணினல்ல, போறப்ப அந்தப் பதிவை நீக்கறது அப்மெல்டுங். கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி தொடங்கி கிளம்பி ரெண்டு வாரத்துக்குள்ள பண்ணணும், அதுக்கு முன்னாடி போனா எடுத்துக்க மாட்டாங்க. குடுக்கிற பேப்பரை ஃபோட்டோ எடுத்து மெயில்ல போட்டு வெய்யி, ரேடியோ டிவி ஃபீஸ் உன் பேர்ல இருந்துச்சுன்னா அதை நிறுத்த இதுதான் வேணும், மாசம் 18.36 யூரோ, நீ டிவியே பாக்கலன்னாலும் ஓடிட்டே இருக்கும். வீட்டுக்கு ஒருத்தர் கட்டினா போதும், கூட இருக்கிறவங்க பேர்ல இருந்தா நீ ஒண்ணும் பண்ண வேணாம். டாய்ச்லாண்ட் டிக்கெட், அந்த மாசாந்திர பஸ் ரயில் பாஸ், வெச்சிருந்தா மாசம் 10ஆம் தேதிக்குள்ள கேன்சல் பண்ணணும், இதை நீ படிக்கிறப்ப தேதி தாண்டிருந்தா ஒரு மாசக் காசு போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இன்னைக்கே பண்ணிரு. சிம், ஜிம், இன்சூரன்ஸ் எல்லாம் ஒரே நாள்ல உக்காந்து முடி. கட்டிலுக்கு அடில காலி பாட்டில் இருக்கும், கடைல திருப்பிக் குடுத்தா ஒரு தடவை யூஸ் பண்ற பிளாஸ்டிக்குக்கு 25 சென்ட், நாப்பது பாட்டில்னா பத்து யூரோ, அது கேசரிக்கு நெய்யும் முந்திரியும்.

ஸ்டுட்கார்ட்ல இருக்க, அதனால உங்க பில்டிங்ல கேர்வோகெ இருக்கும்னு நெனக்கிறேன், இந்த வாரம் படிக்கட்டு கூட்டறது உன் முறைன்னு கதவுல ஒரு அட்டை தொங்குமே அது. எனக்கு அது கண்டாலே ஆகாது, சனிக்கிழமை காலைல தொடப்பத்தோட எந்திரிக்கணும், கீழ் வீட்டுப் பாட்டி பின்னாடியே வந்து மூலையை எட்டிப் பாக்கும். கிளம்பற வாரம் என் முறை இல்ல, இருந்தாலும் மனசு கேக்காம மூணு மாடியும் கூட்டித் தொடைச்சுட்டுக் கீழ வந்தேன், பாட்டி கதவைத் தொறந்து ஒரு வார்த்தை பேசாம ஒரு பாட்டில் பிளம்ஸ் ஜாமை என் கைல திணிச்சுது. மூடில தேதி எழுதி, துணி கட்டி, ரப்பர் பேண்டு போட்டிருந்துச்சு. ஆறு மாசமா என்னை முறைச்சுட்டே இருந்த பாட்டி. எனக்கு அழுகை அப்பதான் வந்துச்சு, அதுவரைக்கும் லிஸ்ட் லிஸ்டா டிக் அடிச்சுட்டு இருந்தேன். நீ இப்பவே அழுதுட்டு இருக்க, அழு, ஆனா கைல வேலை இருக்கட்டும்.

திரும்பிப் போற வழி மூடியும் போகல. மாஸ்டர்ஸோ வேற ஏதோ படிக்கப் போறேன்னா ஸ்டுட்கார்ட் இருக்கிற மாநிலத்து அரசு யுனிவர்சிட்டில உன்னை மாதிரி வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ ஃபீஸ், பக்கத்து மாநிலங்கள்ல பெரும்பாலும் அதுகூட இல்ல. இந்தியால படிச்சவங்களுக்கு ஏபிஎஸ் சர்டிபிகேட், அதாவது நம்ம படிப்பு சர்டிபிகேட்டை சரிபாத்துக் குடுக்கிற பேப்பர், வேணும், அதை வாங்க நேரம் ஆகும், அதை மட்டும் மனசுல வெச்சுக்க. ஆனா இதெல்லாம் அக்டோபர்ல, அம்மா கையால நாலு நாள் சாப்பிட்டுட்டு யோசி. இந்த மூணு வாரத்துல எதையும் முடிவு பண்ணாத.

விசா தேதியைப் பாத்துக்க, ஒரு நாள் கூட மேல நிக்காத. பெட்டிக்கு 23 கிலோவா 30ஆன்னு டிக்கெட்ல பாத்துட்டு பேக் பண்ணு. குளிர் கோட்டையும் தட்டுமுட்டு சாமானையும் ஒரு அட்டைப் பெட்டில போட்டு "ட்ஸு ஃபெர்ஷெங்கன்"னு, அதாவது சும்மாவே எடுத்துக்கலாம்னு எழுதி, மழை இல்லாத நாளா பாத்து வாசல்ல வெச்சா சாயந்திரத்துக்குள்ள காணாமப் போயிரும். பிரஷர் குக்கரை மட்டும் அதுல போட்றாத, நம்ம ஊரு விசில் குக்கர் அவங்களுக்குப் பழக்கமில்ல. அதைத் திருப்பித் தூக்கிட்டும் வராத, அடுத்து வர்ற நம்ம ஊருப் பிள்ளை யாருன்னு கேட்டு அதுக்குக் குடுத்துட்டு வா. அந்தப் பிள்ளை வீட்ல இண்டக்‌ஷன் அடுப்புன்னா அலுமினியம் வேலைக்காகாதுன்னு சொல்லிரு, கேஸ்கட்டு ஊர்ல இருந்து வர்றப்பவே ரெண்டு வாங்கிட்டு வரச் சொல்லு.