ரவுட்டருக்குப் பாஸ்வேர்ட் போட்டால் போதுமா?

கேள்வி: மட்டக்களப்பு நகரில் எங்கள் பிரதான கடை. களுவாஞ்சிக்குடியிலும் கல்முனையிலும் கிளைகள். வரிசையாக வயர்லெஸ் லிங்கால் இணைத்து, ஓ.எஸ்.பி.எஃப். (ரவுட்டர்கள் தமக்குள் வழிகளை அறிவித்துக்கொள்ளும் முறை) ஓடுகிறது. போன மாதம் கல்முனைக் கிளைச் சுவிட்சில் யாரோ பழைய ரவுட்டர் ஒன்றைச் சொருக, இணையத்துக்கு வழி தன்னிடம் என்று அது அறிவித்துவிட்டது. இரண்டு மணித்தியாலம் பில் போட முடியவில்லை. பாஸ்வேர்ட் போட்டால் போதுமா? போடும்போது லிங்க் விழுமா?

பதில்: அன்று நடந்ததைத் தடுக்க முதலில் செய்ய வேண்டியது வேறு. கடைக்குள் கணினிகள் இருக்கும் பக்கத்தை ‘பாசிவ்’ ஆக்குங்கள். அந்தப் பக்கம் ரவுட்டர் ஹலோவும் (தான் இருப்பதை அறிவிக்கும் சிறு பாக்கெட்) சொல்லாது, யாரையும் அயலவராக, அதாவது வழி பரிமாறும் ரவுட்டராக, சேர்க்கவும் செய்யாது.

லிங்குகளுக்குத்தான் சாவி, அதாவது ரவுட்டர்கள் ஒன்றையொன்று உறுதிப்படுத்தும் இரகசியச் சொல். ஆனால் சாதாரணப் பாஸ்வேர்ட் வகையைப் போடவே போடாதீர்கள். அந்த 8 எழுத்தும் ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் பச்சையாகப் போகும். ஹலோ 10 செக்கனுக்கு ஒன்று. பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்துவைத்திருப்பவருக்கு அந்த 10 செக்கன் போதும்.

எம்.டி.5, எஸ்.எச்.ஏ. என்ற கணக்கு முறைகளைப் பயன்படுத்தும் வகைகளில் சாவி லிங்கில் ஏறுவதே இல்லை. பாக்கெட்டையும் சாவியையும் சேர்த்துக் கணக்கிட்டு, வரும் விடையை (எம்.டி.5 என்றால் 16 பைட்) பாக்கெட்டின் வாலில் ஒட்டி அனுப்பும். மறுமுனை தன் சாவியால் அதே கணக்கைச் செய்து பார்க்கும். ஒரு பிட் பிசகினாலும் பாக்கெட்டைத் தூக்கி எறியும். பழைய பாக்கெட்டைப் பிடித்துவைத்து யாராவது திரும்ப அனுப்பினால் தொடர் எண் காட்டிக்கொடுக்கும். எஸ்.எச்.ஏ. 2009இல் ஆர்.எஃப்.சி. 5709 என்ற இணையத் தர ஆவணம் மூலம் வந்தது. உங்கள் ரவுட்டரில் இருந்தால் அதையே எடுங்கள். இவை ஆளை உறுதிப்படுத்துமே தவிர உள்ளடக்கத்தை மறைக்காது. பில் விபரம் மறைய வேண்டுமென்றால் அதற்கு வி.பி.என். (தரவை மறைகுறியாக்கி அனுப்பும் இணைப்பு) வேண்டும்.

லிங்க் விழுமா என்றால், ஒழுங்கு பிசகினால் விழும். மட்டக்களப்பில் இருந்துகொண்டு இந்தப் பக்கத்தில் முதலில் போட்டுவிட்டுக் கல்முனைக்குப் பஸ் ஏறியவர்கள் உண்டு. எப்போதும் தூர முனையில் முதலில் போடுங்கள். பிறகு இந்த முனையில். இடையில் 40 செக்கன் அவகாசம் உண்டு, அதுவரை அயலவர் உறவு அறாது. உள்நுழையும்போது லிங்கின் சொந்த ஐ.பி. முகவரியால், பக்கத்து ரவுட்டர் வழியாகவே நுழையுங்கள். ஓ.எஸ்.பி.எஃப். விழுந்தாலும் நேரடி இணைப்பின் அந்த வழி போகாது.

ஒரு நிமிடம் கழித்தும் அயலவர் நிலை ‘ஃபுல்’ (உறவு முழுமை) என்றே நின்றால், சாவி பொருந்திவிட்டது. அடுத்த லிங்கைத் தொடலாம்.