வீட்டில் வளர்க்கும் தேளுக்கு என்ன தீனி கொடுக்கலாம்? ஒரு மாதமாக எதையும் தொடவில்லை, செத்துவிடுமா?

அநேகமாகச் சாகாது. பயத்தில் பூச்சியைப் போட்டு அப்படியே விட்டுவைத்தால்தான் ஆபத்து. அப்படி ஒன்றை நான் பறிகொடுத்திருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ராமநாதபுரம் கடலோரத்தில் உச்சிப்புளிப் பக்கம். 4 வருடத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் விறகுக்கட்டோடு ஒரு கருந்தேள் வந்தது. நட்டுவாக்காலி என்போமே, அது. அப்பா விளக்குமாற்றை எடுத்துவிட்டார். நான் டப்பாவைக் கவிழ்த்து மூடிக் காப்பாற்றினேன். மறுவாரம் பார்த்தால் முதுகு நிறைய வெள்ளை வெள்ளையாகக் குட்டிகள். தாயின் முதுகைத் தின்றுதான் தேள்குட்டி வளரும் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். முதல் தோல் உரிக்கும் வரை குட்டிகள் எதையுமே தின்பதில்லை, பிறக்கும்போதே உடம்பில் இருக்கிற சத்தில்தான் காலம் தள்ளுகின்றன.

அப்பத்தாவுக்கும் உங்களைப் போலத்தான் கவலை. "ஏய்யா, வாயில்லாச் சீவனைப் பட்டினி போடுறியே, ஒரு கருவாட்டுத் துண்டையாவது போடு" என்று திண்ணையிலிருந்து சொல்லும். கருவாடு கூடவே கூடாது, அவ்வளவும் உப்பு. தேளுக்கு உயிரோடு நகர்கிற இரை வேண்டும்: வெட்டுக்கிளி, சுவர்க்கோழி, கரப்பான் (வீட்டில் பிடித்தது கூடாது, காரணம் கீழே). வளர்ந்த தேளுக்கு 10, 12 நாளுக்கு ஒன்று போதும். குட்டிக்கு 3, 4 நாளுக்கு ஒருமுறை, அதன் உடம்பில் பாதிக்கு மேல் போகாத பூச்சி. உடம்புப் பட்டைகளுக்கு நடுவில் வெளிர்தோல் பிதுங்கித் தெரிந்தால் வயிறு நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது மாதக்கணக்கில் தின்னாமல் இருந்தாலும் கவலைப்படாமல் அப்படியே விட்டுவிடுங்கள். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்க வேண்டும்.

அது தின்பதை ஒருநாள் பொறுமையாக உட்கார்ந்து பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு, கள்ளநோட்டு பார்க்கிற புற ஊதா டார்ச்சைக் கொஞ்ச நேரம் அடித்தால் தேள் முழுக்கப் பச்சையாக ஒளிரும். கரப்பான் ஓடுகிறது, தேள் அசையாது. இடுக்கி இரண்டும் விரிந்தபடி நிற்கும். அதற்குக் கண்பார்வை மட்டு. காலில் இருக்கிற நுண்ணிய பிளவுகளால் மண்ணின் அதிர்வை வாங்கித்தான் இரை எந்தப் பக்கம் என்று கணிக்கிறது. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்து மணல்தேள்களை வைத்து பிலிப் பிரவுனெல் 1970களில் இதைக் கண்டறிந்தார். கரப்பான் பக்கத்தில் வந்ததும் ஒரே பிடி. பெரிய இடுக்கி உள்ள தேள் பெரும்பாலும் கொட்டுவதுகூட இல்லை, நசுக்கியே முடித்துவிடும். பிறகு வாயோரம் இருக்கிற இரண்டு குட்டித் தாடைகளால் கிழித்துக் கிழித்து, செரிக்கும் நீரை இரைமேல் கக்கி, கரைந்து கூழானதை மட்டும் உறிஞ்சும். மணிக்கணக்கில் நடக்கும் வேலை. மிச்சம், மிளகு அளவு ஒரு சக்கை உருண்டை. அதை மறுநாள் காலையில் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும்.

இனி நான் செய்த தப்பு. குட்டிகளில் ஒன்றைத் தனி டப்பாவில் வளர்த்தேன் (சேர்த்து வைத்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும்). நன்றாகத் தின்றுகொண்டிருந்தது திடீரென்று நிறுத்தியது. பசியில் வாடுகிறதே என்று சுவர்க்கோழி ஒன்றை உள்ளே விட்டு 2 நாள் அப்படியே வைத்துவிட்டேன். அது தோல் உரிக்கத்தான் தீனியை நிறுத்தியிருக்கிறது. உரித்த புதிதில் தேள் வெளுத்து, வெண்ணெய் போல மெத்தென்று கிடக்கும், இடுக்கியைத் தூக்கக்கூட வலு இருக்காது. காலையில் பார்த்தபோது சுவர்க்கோழி அதன் கால்களைக் கடித்துத் தின்றிருந்தது. மத்தியானத்துக்குள் செத்துப்போனது. அன்று சோறு இறங்கவில்லை எனக்கு. இப்போதெல்லாம் ஓர் இரவுக்குள் தொடாத இரையை வெளியே எடுத்துவிடுகிறேன். தோல் உரித்த தேள் புற ஊதா வெளிச்சத்தில் ஒளிராது. மேல்தோல் இறுக இறுகத்தான் அந்தப் பச்சை திரும்பும். பழையபடி பளிச்சென்று வந்த பிறகும் சில நாள் பொறுத்துத்தான் தீனி.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம். கடற்கரை மணலை டப்பாவில் போடாதீர்கள், உப்பு. செம்மண்ணும் தேங்காய் நார்த்தூளும் போதும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு என்பதால் குடிக்கிற தண்ணீரைத்தான் தட்டில் கூழாங்கல் போட்டு வைக்கிறேன். வீட்டுக் கரப்பானைப் பிடித்துப் போடவே போடாதீர்கள், பக்கத்து வீட்டில் மருந்து அடித்திருந்தால் அந்த விஷம் தேளுக்கும் ஏறும்.

உங்களிடம் இருப்பது எந்தத் தேள் என்று சொல்லவில்லை. மெலிந்த இடுக்கி, தடித்த வால், செம்பழுப்பு நிறம் என்றால் செந்தேளாக இருக்கலாம், அதை வீட்டில் வைக்காதீர்கள். கொட்டினால் இதயத்தைப் பாதிக்கும், குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் 1980களில் பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் சாவு வெகுவாகக் குறைந்தது. கொட்டினால் மந்திரிக்கப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

என் பெரிய தேள் கடைசியாகத் தின்று இன்றோடு 12 நாள். நேற்று ராத்திரி வளை வாசலுக்கு வந்து இடுக்கியை விரித்துக்கொண்டு நின்றது. சாயங்காலம் வரப்போரம் போய் ஒரு வெட்டுக்கிளி பிடித்து வர வேண்டும்.