ஓடை கையெழுத்துப் போடாது

வணக்கம்.

எங்கள் சமூகத் தோட்டங்களின் கூட்டமைப்பில் கிளைகள் மாவட்டவாரியாக அமைந்தவை. மலைச்சரிவுத் தோட்டக்காரரும் கடற்கரை மணலில் பயிரிடுகிறவரும் ஒரே கிளையில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் உதவாத யோசனைகளைச் சொல்லிக்கொள்கிறோம். ஓடைக்கு அக்கரையில் அதே மண்ணில் பாடுபடுகிறவர்கள் வேறு மாவட்டம், ஆகவே வேறு கிளை. நிர்வாக எல்லைகளை விட்டுவிட்டு இயற்கையான எல்லையின்படி சேரலாமே என்றேன். சிரித்தார்கள். நடக்கிற காரியம்தானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சிரித்தவர்களிடம் நெதர்லாந்தைப் பற்றிச் சொல்லுங்கள். அங்கே நீர் வாரியங்கள் 13-ஆம் நூற்றாண்டிலிருந்து இயங்குகின்றன. அவற்றின் எல்லையைப் பெரும்பாலும் தண்ணீரின் போக்குதான் தீர்மானிக்கிறது. இன்று 21 வாரியங்கள். தனித் தேர்தல், தனி வரி. கையோடு எதிர் உதாரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் வறண்ட மேற்குப் பகுதியை ஆற்றுப்படுகைவாரியாகப் பிரிக்க வேண்டும் என்று 1890-இல் நிலவியலாளர் ஜான் வெஸ்லி பவல் வாதாடிப் பார்த்தார். அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு இடறுவது உங்கள் கடிதத்தில் உள்ள ஒருமை. 'இயற்கையான எல்லை' என்கிறீர்கள். எந்த எல்லை? தண்ணீர் மேட்டில் பிரிகிறது. மண் ஒரே சரிவுக்குள் நான்கு விதமாக மாறுகிறது. உறைபனி பள்ளத்தில் தேங்குகிறது. பூஞ்சை வித்துகளோ காற்றேறி எல்லா மேட்டையும் தாண்டிவிடுகின்றன. நம் பழைய திணைப் பகுப்பிலும் பாலைக்குத் தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் அதுதான் பாலை. கோடு நகரும் என்று பிரித்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

ஒரே அளவுகோலை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க வேளாண் துறையின் 13 மண்டல வரைபடமே போதும். குளிர்காலத்தில் வெப்பநிலை எவ்வளவு கீழே இறங்கும் என்பதை மட்டுமே அது சொல்லும். வாஷிங்டன் மாநிலத்தின் ஈரமான மேற்குப் பகுதியும் டெக்சஸின் சில இடங்களும் அதில் ஒரே எண்ணில் விழுகின்றன. இரண்டின் கோடைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆகவே கிளைகளைக் கலைக்காதீர்கள். நில அனுமதியும் குழாய் இணைப்பும் அலுவலகத்திலிருந்து வருபவை. ஓடை கையெழுத்துப் போடாது. அதற்கு மாவட்டக் கிளை இருக்கட்டும். விதைக்கும் மண்ணுக்கும் தண்ணீருக்கும் தனித்தனி வட்டங்கள் அமையுங்கள். ஒருவர் மூன்றிலும் மூன்று வேறு கூட்டாளிகளோடு இருந்தால் தவறேயில்லை.

மண் வட்டத்தை இப்படித் தொடங்கலாம். ஆளுக்கொரு பிடி மண்ணோடு வரச் சொல்லுங்கள். நீர் தெளித்துப் பிசைந்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நசுக்கிப் பட்டையாக வெளியே தள்ளச் சொல்லுங்கள். மணலாக இருந்தால் பட்டையே வராது. களிமண் 5 செ.மீ. தாண்டியும் ஒடியாமல் தொங்கும். ஒத்த நீளம் வந்தவர்கள் ஓரமாக ஒதுங்கிப் பேசட்டும். யார் எந்த மாவட்டம் என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

கூட்டத்தை மட்டும் பஸ் போகும் இடத்தில் வையுங்கள். படுகையின் இரு கரைகளும் வரைபடத்தில்தான் அருகருகே இருக்கும். பாலம் இல்லாவிட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

அன்புடன்.