புதைந்து கிடக்கும் எண்ணெய் டேங்க்: நியூ ஜெர்சியில் வீடு வாங்குவோர் கேட்ட கேள்விகள்

எடிசனில் 1952-ல் கட்டிய வீடு ஒன்று பிடித்திருக்கிறது. இப்போது கேஸ் ஹீட்டிங். "டேங்க் எல்லாம் கிடையாது" என்கிறார் ஏஜென்ட். தனியாகச் சோதிக்க வேண்டுமா?

வேண்டும். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் கட்டிய ஏராளமான வீடுகள் எண்ணெயில்தான் சூடேறின. பிறகு தெருவுக்கு கேஸ் லைன் வந்ததும் ஃபர்னஸை மாற்றினார்கள். தோட்டத்தில் புதைந்த டேங்கை எடுக்க யார் செலவு செய்வது என்று, குழாயை நறுக்கிவிட்டு அப்படியே விட்டவர்கள் நிறைய பேர். ஏஜென்ட் "கிடையாது" என்றால் "எனக்குத் தெரியாது" என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை போகும்போது பேஸ்மென்ட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். சுண்டுவிரல் கனம்கூட இல்லாத இரண்டு செம்புக் குழாய்கள் தரையிலிருந்தோ சுவரிலிருந்தோ கிளம்பி, முனை நசுங்கி நிற்கின்றனவா? வெளியே சுவரோரம், பூச்செடி மறைவில், தொப்பி போட்ட இரும்புக் குழாய் இருக்கிறதா? அது டேங்கின் காற்றுக்குழாய். லாரியிலிருந்து எண்ணெய் இறங்கும்போது அதில் விசில் சத்தம் வரும், சத்தம் நின்றால் டேங்க் நிரம்பியது என்று அர்த்தம். இவை இரண்டும் இல்லை என்பதாலேயே டேங்க் இல்லை என்று ஆகிவிடாது. வீட்டைப் புதுப்பித்தவர்கள் எல்லாவற்றையும் அறுத்து எறிந்திருக்கலாம்.

ஆகவே 'டேங்க் ஸ்வீப்', அதாவது புதைந்த டேங்க் இருக்கிறதா என்று கருவியால் தேடும் சோதனை, செய்துவிடுங்கள். சில நூறு டாலர்தான். வழக்கமான ஹோம் இன்ஸ்பெக்‌ஷனில் இது பெரும்பாலும் சேராது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். மெட்டல் டிடெக்டர் மட்டும் கொண்டு வருபவரைவிட, தரை ஊடுருவும் ரேடாரும் வைத்திருப்பவர் நல்லது. டிரைவ்வேயில் நிற்கும் கார்களை எடுக்கச் சொல்லுங்கள். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கும் பின்னால் சேர்த்துக் கட்டிய அறைக்கும் அடியில் கருவி தடுமாறும். அப்படிப்பட்ட இடங்களைப் 'பார்க்க முடியவில்லை' என்று அறிக்கையில் எழுதித் தருகிறாரா என்று கவனியுங்கள்.

டேங்கைக் காலி செய்து மணல் நிரப்பிவிட்டோம், பர்மிட்டும் இருக்கிறது என்கிறார் விற்பவர். போதுமா?

பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மணல் நிரப்பினார்கள் என்றால் டேங்க் உள்ளே இடிந்து விழாது. சுற்றியுள்ள மண்ணில் எண்ணெய் கசிந்ததா என்பதற்கு அது பதில் சொல்லாது. மண் மாதிரி எடுத்த ஆய்வக அறிக்கையைக் கேளுங்கள். கசிந்திருந்தால் அதைவிட முக்கியம், மாநிலச் சுற்றுச்சூழல் துறை (டிஇபி) தரும் 'நோ ஃபர்தர் ஆக்‌ஷன்' கடிதம், அதாவது மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டியதில்லை என்ற கடிதம். கடிதத்தை வாங்கிப் பெட்டியில் போடாமல் வரி வரியாகப் படியுங்கள்: பிளாக், லாட் எண்கள் (மனையை அடையாளம் காட்டும் எண்கள்) இந்த வீட்டுடையவைதானா, எத்தனை டேங்க், எத்தனை கேலன்? 550 கேலன் டேங்க் ஒன்றுக்கு வந்த கடிதம், அதற்கு முன்பே புதைத்த இன்னொன்றுக்குச் செல்லாது. ஒரே வீட்டில் இரண்டு டேங்க் கிடைப்பது அதிசயம் இல்லை.

பர்மிட்டை நகராட்சிக் கட்டுமான அலுவலகத்தில் ஓப்ரா மனு (அரசு ஆவணங்களைப் பார்க்கக் கேட்கும் மனு) போட்டுப் பார்க்கலாம். பர்மிட் வாங்கியதோடு நின்றிருக்கிறதா, இன்ஸ்பெக்டர் வந்து முடித்துக் கொடுத்திருக்கிறாரா என்பதும் தெரியவரும். காகிதம் எதுவும் தேறாவிட்டால், டேங்கைச் சுற்றித் துளை போட்டு மண்ணைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

டேங்க் இருப்பது தெரிந்துவிட்டது. விலையில் 15,000 டாலர் குறைத்து, 'ஆஸ்-இஸ்' (இருக்கிறபடியே வாங்கிக்கொள்வது) என்று எழுதித் தருகிறார்கள். வாங்கிவிடலாமா?

என்னைக் கேட்டால், வேண்டாம். கசியாத டேங்கை எடுக்கச் சில ஆயிரம் டாலர் போதும், அப்போது உங்களுக்கு லாபம்தான். கசிந்திருந்தால் செலவு பல பத்தாயிரங்களுக்குப் போகும். எண்ணெய் நிலத்தடி நீரைத் தொட்டிருந்தால் அதற்கும் மேலே. தோண்டுகிறவரைக்கும் இரண்டில் எது என்று யாருக்கும் தெரியாது. 15,000 என்பது எந்தக் கணக்கிலும் வராத எண்.

சட்டமும் உங்கள் பக்கம் நிற்காது. நியூ ஜெர்சியின் 1976-ம் ஆண்டு கசிவுச் சட்டமான 'ஸ்பில் ஆக்ட்', கசியவிட்டது யார் தவறு என்று பார்ப்பதில்லை. டேங்க் இருப்பது தெரிந்தே வாங்கியவர், 'எனக்கு முன்னால் நடந்தது' என்று சொல்லித் தப்புவது கடினம். 'ஆஸ்-இஸ்' என்பது உங்களுக்கும் விற்பவருக்கும் இடையிலான பேச்சு. மாநிலத்தை அது கட்டுப்படுத்தாது.

விற்பவரே, அவர் பெயரில் பர்மிட் எடுத்து, அவர் செலவில், க்ளோசிங்குக்கு (வீடு கைமாறும் நாளுக்கு) முன் டேங்கை எடுக்க வேண்டும். வேலையை டிஇபி சான்று பெற்ற நிறுவனம்தான் செய்ய வேண்டும். இந்த நிபந்தனையை, ஒப்பந்தத்துக்குப் பின் வரும் மூன்று வேலைநாள் அட்டர்னி ரிவ்யூவிலேயே (வக்கீல்கள் ஒப்பந்தத்தைப் பார்த்துத் திருத்தும் அவகாசம்) எழுத வையுங்கள். பணத்தை எஸ்க்ரோவில் (மூன்றாமவர் கையில் பிடித்து வைக்கும் கணக்கில்) வைக்கலாம் என்று பேச்சு வந்தால், அது 'இவ்வளவு டாலர்' என்று முடியாமல், டிஇபி கடிதம் வரும்வரை என்று இருக்கட்டும். உங்கள் வங்கி இதற்குச் சம்மதிக்குமா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

எடுக்கும் நாளில் முடிந்தால் போய் நில்லுங்கள். டேங்கின் மேல்பக்கத்தை வெட்டி, மிச்ச எண்ணெயை உறிஞ்சி, உள்ளே இறங்கித் துடைத்துவிட்டுத்தான் தூக்குவார்கள். உறிஞ்சும்போது எண்ணெயைவிடத் தண்ணீர் அதிகம் வந்தால் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், ஓட்டை இருக்க வாய்ப்பு அதிகம். தூக்கியதும் துருவைச் சுரண்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பென்சில் நுழையும் அளவு ஓட்டைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நகராட்சி இன்ஸ்பெக்டர் பார்த்து முடிக்கும்வரை குழியை மூட விடாதீர்கள்.

வீட்டு இன்சூரன்ஸ் தராதா?

பெரும்பாலான பாலிசிகள் மாசு என்றதுமே கையை விரித்துவிடும். ஒரு வழி உண்டு: கசிவு நடந்த காலத்தில் விற்பவர் வைத்திருந்த பழைய பாலிசி. நிலத்தடி நீர் கெட்டிருந்தால் அதிலிருந்து ஏதாவது பெயரலாம். பரண் பெட்டியைத் துழாவ வேண்டியது விற்பவரின் வேலை.

மகன் அங்கே வீடு பார்க்கிறான். தோட்டத்தில் டேங்க் இருக்கிறது என்று பயப்படுகிறான். நம்ம ஊர் சம்ப் மாதிரிதானே, மூடிவிட்டால் போகாதா? — வாசகர், தாம்பரம்

சம்ப் கசிந்தால் தண்ணீர் வீண், அவ்வளவுதான் சார். இதில் இருப்பது டீசலுக்கு நெருங்கிய உறவு. பூச்சு இல்லாத ஒற்றைச் சுவர் இரும்பு, ஈர மண்ணில் பல பத்தாண்டுகள். ஒரு கேலன் கிட்டத்தட்ட 3.8 லிட்டர், ஆக 550 கேலன் டேங்க் என்றால் 2,000 லிட்டருக்கு மேல். மகன் பயப்படுவது சரிதான், அதற்காக வீட்டையே விட வேண்டியதில்லை. மேலே எழுதியிருப்பதை அவருக்கு அனுப்புங்கள்.

நாங்கள் வாங்கிக் குடிவந்தாயிற்று. செடி நடத் தோண்டியதில் குழாய் தட்டியது. மண்ணில் எண்ணெய் வாடை. சத்தமில்லாமல் மூடிவிடலாமா?

வேண்டாம். கசிவு தெரிந்தால் டிஇபி ஹாட்லைனுக்கு உடனே சொல்லியாக வேண்டும்: 877-927-6337. கூடவே ஓர் அட்டர்னியையும் பாருங்கள். விற்பவர் நிரப்பிக் கொடுத்த சொத்து நிலைப் படிவத்தில் நிலத்தடி டேங்க் பற்றி ஒரு கேள்வி உண்டு. அதற்கு அவர் என்ன டிக் அடித்திருக்கிறார் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. பக்கத்தில் கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர்கள் இருந்தால் அதையும் ஹாட்லைனில் சொல்லிவிடுங்கள்.